இருபத்தொன்பது வெள்ளை மூஞ்சிகள்

முதல் வெள்ளை மூஞ்சியைக் கண்டது அப்பாதான். மழைக்கோட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, தாய் நக்கிக்கொண்டிருந்த கன்றையே பார்த்தார். உடம்பு பழுப்பு. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஹெர்ஃபோர்ட் என்கிற கறிமாட்டுக் காளைக்குப் பிறந்தது எந்த மாட்டு வயிற்றிலிருந்து வந்தாலும் அப்படித்தான் இருக்கும். அப்பன் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு பிறக்கிற இனம்.

எங்களிடம் இருப்பது இருநூறு ஜெர்சி மாடுகள். வேலிக்கு இந்தப் பக்கம் ஹெர்ஃபோர்ட் காளை கால் வைத்ததே இல்லை. அந்தப் பக்கம் ஒன்று இருந்தது.

"ஃபெர்கஸோட காளை," என்றார் அப்பா.

ஃபெர்கஸ் ராட்ரே பக்கத்துப் பண்ணைக்காரன், கறிமாடு வளர்ப்பவன். அக்டோபரில் அவனுக்கும் எனக்கும் கல்யாணம். அதற்கு அப்பாவைத் தலையாட்ட வைக்கவே மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கன்றின் அப்பன் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவனைக் கடையில் வாங்கி வந்தவளே நான்தான்.

என் அப்பா ஆல்வின் பர்டி, டாரனாக்கி மாவட்டத்தில் எங்கள் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடம் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் சொந்த மாடுகளுக்கு அவரே போடுவார். ஊசி பிடிக்காத மாடு மூன்று வாரத்தில் மறுபடி கத்தும்; இரண்டில் ஒன்று பிடித்தாலே நல்ல கை என்பார்கள். "நான் போட்ட மாடு கத்தினதா எவனாவது சொல்லட்டும்" என்பது டீ குடிக்க வரும் எல்லாரிடமும் அவர் சொல்கிற வசனம். கண்ணாடி மட்டும் போட மாட்டார். "இது கண்ணு வேலை இல்லம்மா, கை வேலை."

காளை விந்து அடைத்த ஊசிக் குச்சிகளில் காளையின் பெயர் எறும்பு சைசில் அச்சாகியிருக்கும். அதை அவர் படித்துப் பல வருடம் ஆகிறது. குச்சிகளை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனில் மூன்றாவது கூடை என்றால் ஜெர்சி என்று கணக்கு.

எனக்கோ ஒவ்வொரு ஆகஸ்டும் ஒரே கொடுமை. ஜெர்சி காளைக்கன்றை யாரும் வளர்க்க எடுக்க மாட்டார்கள். பிறந்த நாலாம் நாள் கசாப்புக்கூட லாரி வரும். விரலைச் சப்பிக்கொண்டே வருகிற கன்றை நான் வாசல் கேட் வரைக்கும் நடத்திப் போய் ஏற்றிவிட வேண்டும். வெள்ளை மூஞ்சி என்றால் கறிக்கு வளர்ப்பவர்கள் கேட்டுக்கு வந்து வாங்கிப் போவார்கள். இரண்டு வருடமாவது புல்லைப் பார்க்கும். பால் குறைவாகத் தருகிற மாடுகளுக்கு மட்டும் ஹெர்ஃபோர்ட் ஊசி போடலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் அப்பாவின் பதில் ஒன்றுதான்: "என் கொட்டகையில கறிமாடா? நான் செத்த பிறகு போட்டுக்கோ."

போன வருடம் நாற்பது ஹெர்ஃபோர்ட் குச்சிகள் வாங்கினேன். குறைவாகக் கறக்கிற மாடுகளின் முறை வந்த நாட்களில் மூன்றாவது கூடையில் அவற்றை வைத்தேன். அப்பா விசிலடித்துக்கொண்டே போட்டு முடித்தார்.

ஃபெர்கஸிடம் மட்டும் சொன்னேன். "உங்கப்பா கன்னுக்குட்டி மூஞ்சியைப் பாக்குற அன்னிக்கு என்ன பண்ணுவே?" என்றான்.

"அதுக்கு ஒன்பது மாசம் இருக்கு," என்றேன். ஒன்பது மாதம் என்பது எவ்வளவு சின்னது என்று மாட்டுப் பண்ணையில் பிறந்த எனக்கே தோன்றவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் மொத்தம் இருபத்தொன்பது ஆயின. கன்றுக் கொட்டகையைத் திறந்தால் இருட்டில் வெள்ளை வெள்ளையாக முகங்கள் திரும்பும். இருபத்தொன்பதாவதைப் பார்த்த காலை, அப்பா அதைத் தூக்கி பிக்கப்பின் முன் சீட்டில் வைத்தார்.

"எங்கப்பா கொண்டு போறீங்க?"

"சாட்சி."

நானும் ஏறிக்கொண்டேன். கன்று என் மடியில். பாதி வழியில் சாட்சி என் பேண்ட்டை நனைத்தது.

ஃபெர்கஸ் கதவைத் திறந்து கன்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமா ஆல்வின், தாண்டிடுச்சு. மன்னிச்சுக்குங்க," என்றான்.

"எது?"

"பிஷப்."

பிஷப்பைப் பார்க்கப் போனோம். பதினோரு வயதுக் காளை. மேய்ச்சல் நிலத்தின் நடுவில் படுத்திருந்தது. ஃபெர்கஸ் கூப்பிட்டதும் முன்காலை ஊன்றி, யோசித்து, பின்காலை ஊன்றி, மறுபடி யோசித்து எழுந்தது. வழியில் ஒரு குட்டை. சாண் அகலம் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"இவனா?" என்றார் அப்பா.

"இளமையா இருந்தப்போ..."

"போன நவம்பர்ல இவன் இளமையா இருந்தானா? இருபத்தொன்பது தடவை வேலியைத் தாண்டி, இருபத்தொன்பது தடவை திரும்பித் தாண்டி வீட்டுக்கு வந்தானா?"

"மனசு வெச்சா..." என்றான் ஃபெர்கஸ் பாவமாக.

"ஒரு மாட்டை வேலிக்குள்ள வெச்சுக்கத் தெரியாதவன் என் பொண்ணை எப்படி வெச்சுக்குவே? கல்யாணம் கிடையாது. நைரீ, வண்டியில ஏறு."

அன்று மத்தியானம் வேலி ஓரம் ஃபெர்கஸைப் பிடித்தேன். "உன்னை யார் பொய் சொல்லச் சொன்னா?"

"உண்மையைச் சொன்னா உன்னைத்தான் திட்டுவாரு. என்னைத் திட்டினா எனக்குப் பழக்கம்."

"இப்போ கல்யாணமே போச்சே, மக்கு!"

"அதை நான் யோசிக்கல," என்றான். அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியவில்லை. இப்படி ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவனை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

சாயங்காலக் கறவை முடிந்ததும் சொல்லிவிடுவது என்று போனேன். அப்பா கொட்டகையில் நின்று, குச்சியைச் செருகிச் சினை ஊசி போடும் துப்பாக்கியைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடத்துத் துப்பாக்கி.

"என்னப்பா செய்யறீங்க?"

"இனிமே வேற ஆளை வெச்சுக்கோ." வலது கையை விரித்துப் பார்த்தார். "எல்லாம் தேதி தப்பாம பிறந்திருக்கு. அப்படின்னா நான் ஊசி போட்ட அதே நாள்லதான் அந்தக் கிழட்டுக் காளையும் வந்திருக்கு. என் ஊசி தோத்து, குட்டையைக்கூடத் தாண்ட முடியாதவன் ஜெயிச்சிருக்கான். இருபத்தொன்பது தடவை. கை போச்சும்மா."

அவ்வளவு நாளும் அவர் ஃபெர்கஸ் மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் சீஸ் ஸ்கோன் ரொட்டியைத் தொடாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைத்தேன்.

நைட்ரஜன் கேனைத் திறந்தேன். புகை வழிந்தது. மூன்றாவது கூடையின் அடியில் ஒரே ஒரு குச்சி மிச்சமிருந்தது. இடுக்கியால் எடுத்து நீட்டினேன். மறு கையில் அவர் ஒரு நாளும் போடாத கண்ணாடி.

"படிங்க."

போட்டுக்கொண்டார். உதடு அசைந்தது. இரண்டு முறை படித்தார்.

"ஹெர்ஃபோர்ட்," என்றார்.

"நான்தான் வெச்சேன். பிஷப் எங்கயும் வரல. ஃபெர்கஸ் எனக்காகப் பொய் சொன்னான். எல்லாம் நீங்க போட்ட ஊசிதான்."

அவர் முகம் சிவந்தது. காது சிவந்தது. "என் கொட்டகையில! என் கையாலேயே! பெத்த அப்பனுக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நின்றார்.

"எத்தனை குச்சி?"

"நாற்பது வாங்கினேன். ஒண்ணு இதோ."

"முப்பத்தொன்பது." கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "முப்பத்தொன்பதுல இருபத்தொன்பதா?"

"ஆமாப்பா."

"முதல் ஊசியிலேயா?"

"முதல் ஊசியிலேயே."

திட்டுவதற்காகத் தூக்கிய விரல் தூக்கியபடியே இருந்தது. பிறகு அதே விரல் சுவரிலிருந்த போனை எடுத்தது. தன்னோடு வேலை பார்த்த கிழவர் ஒருவரை அழைத்தார்.

"மெர்வ்! நாலுல மூணு பிடிச்சிருக்குடா! கண்ணாடி இல்லாம! இல்லடா, ஜெர்சி இல்ல... வேற சரக்கு. அதை விடு, எண்ணிக்கையைப் பாரு!"

பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி முறைத்தார். முறைப்பு சரியாக வரவில்லை.

"அந்த ஃபெர்கஸைச் சாப்பிட வரச் சொல்லு. உன்னை மாதிரி ஒருத்திக்கு, பொய் சொல்லத் தெரியாத புருஷன்தான் சரி. வீட்டுக்கு ஒரு திருடி போதும்."

கல்யாணம் நடந்தது. அடுத்த வாரமே மாடுகள் பருவத்துக்கு வந்தன. அப்பா கேனைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

"எந்த மாட்டுக்கு எந்தக் காளைன்னு நீயே முடிவு பண்ணி, படிச்சுக் கொடு," என்றார். "நான் போடறேன்."