ஆடு மிச்சம் வைத்த வரி

அந்த வருஷம் பராகுவே நாட்டில் யார் சாகப்போனாலும், இரண்டு நாள் முந்தியே கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிட்டது. ஒட்டியவனை ஒருத்தரும் கண்டதில்லை. விடிந்து பார்த்தால் மைதா பசை ஈரமாக இருக்கும், அவ்வளவுதான். தையில் ஒரு மந்திரி, மாசி வெள்ளத்தில் ஒரு வாத்தியார் குடும்பம், பங்குனியில் பந்து விளையாடுகிறவன் ஒருவன். நம்மூர் வழக்கப்படியே படம், தேதி, அடியில் வருந்துகிறவர்கள் பெயர், எல்லாம் தமிழில். சித்திரைக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. வெங்காயம் என்ன விலை என்று கேட்கிற மாதிரி இன்றைக்கு யார் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பழகாதவள் சுந்தரேஸ்வரி ஒருத்திதான். அவள் புருஷன் சோலைராஜ் தீப்பெட்டி மெஷின் மெக்கானிக், பராகுவேயில் வேலை. சுவரைப் பார்த்துவிட்டு வந்துதான் தினமும் அடுப்புப் பற்றவைப்பாள்.

"கெளம்பி வந்திருங்க. இங்கன பொழைக்க வழியா இல்ல?" என்று போனில் அழுவாள்.

"சொவத்தப் பாத்துப் பயப்படுதியே, கோட்டிக்காரி" என்று அவன் சிரிப்பான்.

ஐப்பசியில் அவனே சுவரில் சிரித்தான். கல்யாணப் படம். போனில் சொன்னால் நம்ப மாட்டான். கிழிக்கவும் பயம், ஆவணியில் எவனோ ஒரு போஸ்டரைக் கிழிக்கப்போய், மறுநாள் அதே முகம் இரண்டு போஸ்டராக ஒட்டியிருந்தது. அப்போதுதான் கொம்பையா ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க ஆட்ட இங்கன விடுங்க. இத மிச்சமில்லாமத் திங்கட்டும்."

கொம்பையா ஓர் ஆட்டைச் சுவரோரம் பத்திவிட்டார். மைதா பசையை வேண்டாம் என்கிற வெள்ளாடு உண்டா? முன்னங்காலைச் சுவரில் ஊன்றி முகத்தைத் தின்றது, பேரைத் தின்றது, தேதியைத் தின்றது. அந்நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஆரன் அடித்துத் தொலைத்தான். ஆடு மிரண்டு ஓடியது. கடைசி வரி நின்றுவிட்டது: கண்ணீருடன், மனைவி சுந்தரேஸ்வரி. பிறகு எந்த ஆடும் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

குறித்த தேதியில் பராகுவேயில் அவன் வேலை பார்த்த தீப்பெட்டி ஆலையில் மெழுகுக் கொப்பரை வெடித்தது. நம்மூருக்கு அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். சோலைராஜ் மீசை மட்டும் கருகி வெளியே நடந்து வந்தான். பொங்கலுக்கு ஊர் வந்து சேர்ந்தான். போஸ்டர்களும் மார்கழியோடு நின்றுபோயின.

ஆனால் எழுதியது எழுதியதுதான். தினமும் அந்த நேரம் வந்தால், அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே சுந்தரேஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். புருஷனைப் பறிகொடுத்தவள் அழுகிற அழுகை, மாரில் அடித்துக்கொண்டு. டாக்டரைப் பார்த்தாயிற்று, கோயிலில் திருநீறு போட்டாயிற்று.

"ஏட்டி, நான் இங்கனதான இருக்கேன்" என்று முதலில் எல்லாம் சொல்லிப் பார்த்தான். இப்போது சொல்வதில்லை. அவள் அழுது முடிக்கிற வரைக்கும் சோற்றில் கை வைத்தபடி காத்திருந்து, பிறகு ரசம் ஊற்றச் சொல்கிறான்.