பதினெட்டாவது வரிசை மூச்சு

சினிமாவுக்குச் சத்தம் சேர்ப்பது அவன் வேலை. கதவு கிறீச்சிடுவது, செருப்பு தேய்வது, தகரத்தில் மழை விழுவது என்று ஷூட்டிங்கில் சரியாகப் பதிவாகாத அத்தனையையும் ஸ்டூடியோவில் உண்டாக்கிப் படத்தோடு ஒட்டவேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல காதுதான், யார் இல்லையென்றார்கள்? மனசும் அதே அளவுக்கு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

கையில் இருந்த படம், விமானத்துக்குள் பேய் புகுந்துவிடுகிற கதை. நடுவானில் விளக்கு அணைகிறது. தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் மாஸ்க்குகள் விழுந்து தொங்குகின்றன. பதினெட்டாவது வரிசையில் ஆளே இல்லாத ஜன்னல் சீட்டில் ஒரு மாஸ்க் மட்டும் தானாக மூச்சு விடுகிறது. பேய்க்கு உருவமும் கிடையாது, வசனமும் கிடையாது. அந்த மூச்சுதான் பேய்.

காது முதலில் தன் மூச்சையே பதிவு செய்தான். டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். டப்பிங் பேசுகிறவர்கள் நாலு பேர் வந்து இழுத்துப் பார்த்தார்கள். சைக்கிள் பம்ப்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

"பேய்க்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்குய்யா," என்றார் டைரக்டர். "எல்லாம் நடிக்கிற மூச்சு. எனக்கு நிஜம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அந்தச் சமயத்தில் அவன் அப்பா நுரையீரல் கெட்டு, மாஸ்க்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். முப்பத்தெட்டு நாளாக அம்மாதான் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தாள். குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போகிற ஒரு மணி நேரம் மட்டும் மகனுடைய முறை. வியாழக்கிழமை காலை அம்மா கிளம்பியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாஸ்க்குக்குள் அப்பாவின் மூச்சு இழுத்தது, நின்றது, எங்கேயோ போய்விட்டு மறுபடி வந்தது. வேறொரு பிள்ளையாக இருந்தால் கண் கலங்கியிருக்கும். இவனுக்கு, சொல்லவே நாக்கு கூசுகிறது, சந்தோஷம் வந்தது. பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்தான். ஹெட்போனை மாட்டினான். மைக்கை அப்பாவின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். இருபது நிமிஷம் கை அசையவில்லை.

அம்மா திரும்பி வருவதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. மறுநாள் விடியற்காலை போய்விட்டார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அந்த மூச்சு வருகிற இடத்தில் தியேட்டரே அலறியது. டைரக்டர் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எங்கய்யா பிடிச்ச இதை?" என்றதற்கு, "பழைய ஸ்டாக்ல கிடந்துச்சு சார்," என்று வாய் கூசாமல் சொன்னான்.

அம்மா மட்டும் இந்தப் படத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது அவன் கவலை. ஊரே ஏமாறும். முப்பத்தெட்டு நாள் அந்த மூச்சை எண்ணிக்கொண்டே கிடந்தவள் ஏமாறுவாளா?

"பேய்ப்படம்மா. உனக்கு பிரஷர் ஏறும்."

"போடா. உங்கப்பாவோட முப்பத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினவ நான். எனக்குப் பேய் பயமா? உன் பேரு பெரிய எழுத்துல வருதாமே, அதை நான் பாக்க வேண்டாமா?"

அக்கா சும்மா இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள். தானும் கூட உட்கார்ந்திருந்தால் சமாளித்துவிடலாம் என்று நினைத்து, அம்மாவுக்கு இந்தப் பக்கம் அவன் உட்கார்ந்தான்.

திரையில் அவன் பேர் வந்ததும் அம்மா முன் சீட்டுக்காரியின் தோளைத் தட்டி, "இது என் பையன்," என்றாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இடம் நெருங்க நெருங்க, "வாம்மா, வெளியில போய் ஒரு காபி குடிச்சிட்டு வரலாம்," என்று கையைப் பிடித்து இழுத்தான்.

"சும்மா இருடா. இப்பத்தான் விறுவிறுப்பா போகுது."

விமானத்தில் விளக்கு அணைந்தது. மாஸ்க்குகள் விழுந்தன. பதினெட்டாவது வரிசை மூச்சு விட ஆரம்பித்தது.

தியேட்டர் முழுக்க ஒரே கூச்சல், விசில். அம்மா கத்தவில்லை. சட்டென்று முன்னால் குனிந்தாள். தலையணையோடு சேர்த்து ஒரு தலையைத் தூக்கிப் பிடிக்கிறவள் போல அவள் இடது கை இருட்டில் துழாவியது. அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடிக்கு வந்துவிட்டது. அவன் பக்கம் அவள் திரும்பவேயில்லை. கடைசிவரை உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள்.

வெளியே அக்கா காரை எடுத்து வரப் போனாள். வாசல் படியில் அம்மாவும் பிள்ளையும் நின்றார்கள்.

"அப்பாதானே அது?"

தலையை ஆட்டினான்.

"எப்ப?"

"வியாழக்கிழமை... நீ குளிக்கப் போயிருந்தப்ப."

நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். அதற்குத்தான் தயாராகவும் இருந்தான். அம்மாவோ, வார்டில் நர்ஸிடம் விசாரிக்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்படி இழுத்தா அவருக்கு நாக்கு வறண்டுடும். தண்ணி கேப்பாரு. கேட்டாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொன்னவன்தானே! இவளிடம் வரவில்லை.

"ரெண்டு தடவை கேட்டாரும்மா."

"படத்துல அது இல்லையே?"

"பேய் பேசக் கூடாதுன்னு... வெட்டிட்டேன்."

"அது கிடக்கட்டும். ஸ்பூன் பக்கத்துலயே வெச்சுட்டுப் போனேனே, குடுத்தியா?"

படி இறங்கிய கூட்டத்தில் ஒருவன் தோழியின் காதருகே அந்த மூச்சை இழுத்துக் காட்ட, அவள் வீலென்று கத்திவிட்டுச் சிரித்தாள்.

"மைக் கையில இருந்துச்சும்மா," என்றான் அவன்.

அக்காவின் கார் வந்து நின்றது. அம்மா ஏறிக்கொண்டு தானே கதவை இழுத்துச் சாத்தினாள்.

"தம்பி வரலையா?" என்றாள் அக்கா.

"அவனுக்கு வேலை இருக்கு," என்றாள் அம்மா. "நீ வண்டியை எடு."