சிவப்பு நூல் கட்டிய முடி

1
இந்தக் கதை என் வீட்டுச் சோபாவில் பிறந்தது. விக் செய்கிறவளின் தங்கை அதில் உட்கார்ந்து, "எழுதுறவர்தானே சார், எங்க அக்கா வெளிய வர்ற மாதிரி ஏதாவது எழுதுங்களேன்" என்று அழுதாள். அக்கா சிறையில் இருக்கிறாள். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தையைக் காணவில்லை. நரபலி என்கிறார்கள்.

2
முதல் தொடக்கம்: "அவள் அறையில் கொத்துக் கொத்தாக முடி தொங்கியது, சிவப்பு நூல் கட்டி..."

(நிறுத்திவிட்டேன். உங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பார்த்தீர்களா? வேர் எது, நுனி எது என்று தெரிவதற்காக வேர்ப்பக்கம் கட்டுகிற நூல் அது. மாற்றித் தைத்தால் விக் சிக்குப் பிடித்துவிடும். அவ்வளவுதான் விஷயம். விளக்க விளக்க வாக்குமூலம் மாதிரி ஆகித் தொலைக்கிறது, கருமம்.)

3
குழந்தையின் தாய் போட்டோவோடு வீடு வீடாக ஓடினாள். விக் செய்கிறவளிடமும் நீட்டினாள். இவள் உற்றுப் பார்த்து, "நல்ல அடர்த்தியான முடிம்மா" என்றாள்.

தொழில் புத்தி! முகத்துக்கு முன்னால் முடிதான் அவள் கண்ணில் படும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கதவை உடைத்தார்கள்.

(இந்த வரியை அடித்துவிட்டால் அவள் தப்பிப்பாளா? அடித்தால் நான்...)

4
டிவியில் "ரெண்டு பக்கமும் பேசுவோம்" என்றார்கள். ஒரு பக்கம் மாந்திரீகத்தை ஆராய்ந்தவர். மறுபக்கமும் மாந்திரீகத்தை ஆராய்ந்தவர். விக் செய்கிற ஒருவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

நானும் நடுநிலை இல்லை. சிகிச்சையில் என் மனைவிக்கு முடி கொட்டியபோது, அவளை மறுபடி கண்ணாடி பார்க்க வைத்தவள் இவள்தான்.

5
ஒரு முடிவு: குழந்தை உயிரோடு கிடைக்கிறது. தெரு சொல்கிறது: "மந்திரம் பலிக்கல, அதான் விட்டுட்டா."

இன்னொன்று: கிடைக்கவில்லை. "பலிச்சிருச்சு."

மூன்றாவது: நீதிமன்றம் அவளை விடுவிக்கிறது. அவள் வெளியே வந்து... எங்கே போவாள்? எவன் வீடு கொடுப்பான்?

எழுதி எழுதி மனசு விட்டுப்போய்விட்டது.

6
நேற்றிலிருந்து, அவளிடம் விக் வாங்கியவர்கள் வீட்டையெல்லாம் சோதனை போடுகிறார்கள். தங்கை இன்றும் வந்து அதே சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். அடுப்படியிலிருந்து மனைவி, கையில் விக்கோடு, கிசுகிசுப்பாகக் கேட்கிறாள்: "ஏங்க, இதை எரிச்சிடலாமா?"

நான்...

'வேண்டாம்' என்று நான் சொன்னதாகத்தான் கதை முடிய வேண்டும். கை எழுத மறுக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, தங்கைக்கும் கேட்கிற மாதிரி. மனைவி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள்.