தானே தொட்டுக்கொண்ட திரை

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரின் தொடுதிரை, யாரும் தொடாமலேயே எதையாவது திறந்து மூடியது. உடனே அத்தான் களத்தில் இறங்கினார். ஒருமுறை மவுஸுக்கு பேட்டரி மாற்றியதிலிருந்து குடும்பத்தில் அவர்தான் கம்ப்யூட்டர் நிபுணர்.

“வைரஸ்தான், சந்தேகமே இல்ல,” என்றார். மூன்று முறை அணைத்துப் போட்டார். தொடுதிரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினார். திரை அவரைச் சட்டை செய்யவில்லை. அக்கா பாதி முடித்திருந்த மொழிபெயர்ப்பை மட்டும் அழித்தது.

அக்கா கம்ப்யூட்டரை அணைத்தாள். திரையின் மூலையில் காய்ந்திருந்த ஜாம் கறையை ஈரத்துணியால் துடைத்தாள். உலர்ந்தபின் போட்டால், தொட்டது மட்டுமே திறந்தது.

“பாத்தியா? நான் போட்ட டிரைவர் இப்பதான் வேலை செய்யுது.”

“ஆமாங்க. உங்க டிரைவருக்குப் பயந்துதான் கறையே என் துணியில வந்து ஒட்டிக்கிச்சு,” என்றாள் அக்கா.

அத்தான் பெருந்தன்மையோடு பாராட்டை ஏற்றுக்கொண்டார். அக்கா முதல் வரியிலிருந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தாள்.