பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் ஊளை

அந்தப் பழைய பச்சைக் கார் கொஞ்ச நாளாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. வேகம் கூடினால் போதும், பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ஊ...' என்று கிளம்பிவிடும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் அவளுக்கு, வார்டில் பகலெல்லாம் கேட்கும் முனகல் போதாதென்று வீடு திரும்பும் வழியிலும் ஒரு முனகல்.

அவள் கணவர் மர அறுவை மில்லில் காலமெல்லாம் ரம்பத்தோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். காரின் ஒவ்வொரு நட்டும் அவருக்குச் சொந்தபந்தம். வேற்றாள் கை படக்கூடாது. அவள் புகார் சொன்னதும் டயரை மாற்றினார். பிறகு பின்சக்கர பேரிங்கை மாற்றினார்.

"இப்ப சத்தம் குறைஞ்சிருக்குல்ல?"

"எங்கேங்க குறைஞ்சுது? சாதகம் பண்ணிப் பண்ணிக் குரல் நல்லா பழகியிருக்கு."

"சரி, நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."

நெரிசலில்லாத நீண்ட சாலைக்கு வந்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். ஊளை எழுந்தது.

"கேக்குதா?"

"கேக்காம என்ன? காதைப் பிளக்குது."

காலை எடுத்தாள். கார் தன்போக்கில் உருண்டது. ஊளை சட்டென்று அறுந்தது. அழுத்தினாள், வந்தது. எடுத்தாள், போனது.

"இதோ, இப்பவும் கத்துது பாரு," என்றார் அவர், பெரிய வித்துவான்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு.

காருக்குள் டயர் உருளும் மெல்லிய சத்தம் தவிர ஒன்றுமில்லை.

டாக்டர் சொல்வது காதில் விழாமல் தலையை மட்டும் ஆட்டும் நோயாளிகளை அவள் தினமும் பார்க்கிறாள். உப்பு கேட்டால் இவர் துப்பட்டி எடுத்து வந்ததை மட்டும் குறும்பு என்று நினைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் நாடி பிடிப்பவளுக்குப் பக்கத்துத் தலையணையில் இருந்த மந்தக் காது தெரியவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்தினாள்.

"ஏங்க, இப்ப சத்தமே வரல."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"எத்தனை நாளா?" என்று குரலை உயர்த்திக் கேட்டாள்.

"மில்லை விட்டு வரும்போதே கொஞ்சம் மந்தம்தான். நீ மெதுவா பேசினா கேக்காது. திட்டினா சுத்தமா கேக்குது."

கோபப்படத்தான் வாயெடுத்தாள்; சிரிப்பு முந்திக்கொண்டது. "அப்ப ஆயுசு பூரா திட்டிக்கிட்டே இருக்கணுமா? என் தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

அவரும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும், காலை எடுத்தால் ஊளை நிற்பதை அவள் விவரமாகச் சொன்னாள். அவர் முகம் பளிச்சென்றாகிவிட்டது.

"அட, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா! பேரிங்னா சக்கரம் உருளுற வரைக்கும் கத்தும். இழுக்கும்போது மட்டும் கத்துதுன்னா டிஃபரன்ஷியல்தான். எஞ்சின் சுத்துறதைப் பின்சக்கரம் ரெண்டுக்கும் பிரிச்சுக் குடுக்குற பல்சக்கரம் தேஞ்சு போச்சு."

வீட்டுக்கு வந்து அதன் எண்ணெயை வடித்தார். இரும்புத்தூள் மினுமினுவென்று விரலில் ஒட்டியது. பழைய வண்டிகளை உடைத்து விற்பவரிடம், பல் தேயாத ஒன்றைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்து வாங்கி வந்தார். அவளுடைய விடுமுறை நாளில் வேலை தொடங்கியது. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, அச்சுத் தண்டுகளை இருபுறமும் உருவினார். எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டைப் பிரிக்குமுன், திரும்ப அதே இடத்தில் பொருத்துவதற்காக அவள் அதில் சாக்பீஸால் கோடு போட்டாள். கனத்த அந்த டிஃபரன்ஷியல் உருண்டையை ஜாக்கில் தாங்கி இருவரும் இறக்கினார்கள்.

"பாத்து, பாத்து! பச்சைப் புள்ளை மாதிரி புடி," என்றார் அவர்.

"நான் புடிச்ச புள்ளைங்க எதுவும் இந்தக் கனம் இல்ல."

புதிதாக வந்ததைப் பொருத்தி, எண்ணெய் ஊற்றி, இறுக்க வேண்டியதை இறுக்கி முடிப்பதற்குள் இருவர் முகத்திலும் கருப்பு அப்பியிருந்தது.

அதே சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு அழுத்தியும் ஊளை வரவில்லை. "போயிடுச்சு!" என்று அவள் அவர் தோளில் தட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தே அதை அறிந்துகொண்டார்.

"வண்டிக்குப் பாத்தாச்சு. அடுத்து உங்களுக்கு," என்றாள். அந்த வாரமே காது டாக்டரிடம் காட்டினார்கள்.

காதுக் கருவி பொருத்திய அன்று காரை அவர்தான் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இண்டிகேட்டரைப் போட்டதும் திடுக்கிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கினார்.

"என்னடி இது, டிக் டிக்குன்னு? எங்கயோ லூசா இருக்கு!"

"அது எப்பவும் அப்படித்தாங்க அடிக்கும்."

"அப்படியா?" என்றார். தெருவில் திரும்பி வெகுதூரம் வந்த பிறகும் அவர் அதை அணைக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹாரனடித்துக் கத்தினான்.

"ஏதோ திட்டுறான் போல," என்றாள் அவள்.

"கேக்குது, கேக்குது. நல்லாத்தான் திட்டுறான்," என்று சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.