பெயரோடு வா என்று எழுதியவன்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. கட்டுரையின் தலைப்பு 'பெயரோடு வா'. எழுதியவன் நான். எண்ணூறு பேர் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் அதை நம்பினாள்.

கைதட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பத்து நாள் போயிற்று. எழுதி அடித்ததையும் காட்டிவிடுகிறேன்.

"நெய்வேலியில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழே கிடக்கும் கரியிலிருந்தும்..."

வேண்டாம். வெளியூர்ப் பத்திரிகைக்கு எழுதும்போது இப்படி ஒரு வரி போடுவது என் வழக்கம். முப்பது வருஷம் இந்தக் கரியில் சோறு தின்றவனுக்கு அந்த வரி பொருந்தாது.

"இசைப்பிரியா ஒரு துணிச்சலான பெண்."

இதையும் அடித்தேன். ஒருத்தியைத் துணிச்சலானவள் என்று சொல்லிவிட்டால், அவளுக்கு நேர்ந்ததெல்லாம் அவளே கேட்டு வாங்கிக்கொண்டதுபோல் ஆகிவிடும். படிக்கிறவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடலாம்.

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். என் பெயர் செல்வநாதன். வயது ஐம்பத்தேழு. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், பெர்மனென்ட் வேலை. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. 'பழுப்பு நிலம்' என்று ஒரு முகநூல் குழு நடத்துகிறேன். நிலம், சுரங்கம், சங்கம், தேர்தல் என்று நாலாயிரம் பேர் அடித்துக்கொள்ளும் இடம். யாரைச் சேர்ப்பது, எந்தப் பதிவை நீக்குவது என்பது என் கையில்.

3

ஒரு நாள் 'ஊமத்தை' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது. முகத்துக்குப் பதில் வெள்ளைப் பூ ஒன்றின் படம்.

"சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்காகப் பேச எல்லாக் கட்சியிலும் ஆள் இருக்கிறது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறை நாற்று நட்டவர்களிடம் பட்டா இல்லை. ஆகவே அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று முடிவாகிவிட்டது. இழப்பதற்கே ஒன்றும் இல்லாதவர்களாக எங்களை ஆக்கியது யார்?"

மூன்று நாள் ஓடியது சண்டை. நிலம் போனவர்கள் வந்தார்கள், சங்கக்காரர்கள் வந்தார்கள். உன் வாதம் தப்பு, சட்டம் அப்படி இல்லை, எங்களைப் பிரிக்கப் பார்க்கிறாய் என்றார்கள். ஊமத்தை ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னது. இரண்டு பேர் தாங்கள் யோசிக்காத கோணம் இது என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் குழுவில் அப்படி நடப்பது அபூர்வம்.

அவர்கள் அவளோடு *வாதம்* செய்தார்கள். அவள் யாரென்று தெரியாததால் வேறு வழி இல்லை.

எனக்குக் கொஞ்சம் பொறாமை. இரண்டு புத்தகம் போட்ட என் பதிவுக்கு நாற்பது பேர் வந்தால் அதிகம்.

[இந்த வரியை எடுத்துவிடலாம் என்று ரெஜினா சொன்னாள். ரெஜினா என் மனைவி. எடுக்கவில்லை.]

4

அந்த மாதம் ஒரு போலிக் கணக்கு, சங்கத்தில் பேசும் ஒரு பெண்ணைப் பற்றி அசிங்கமாக எழுதியது. எல்லோரும் கொதித்தார்கள். அந்தச் சூட்டில்தான் என் கட்டுரையை எழுதினேன். "அரசியல் பேசுகிறவர் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும். பெயரில்லாத சொல் மறைவில் நின்று எறியும் கல். ஆகவே தான் சொல்கிறேன், நண்பா, பெயரோடு வா." குழுவின் உச்சியில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைத்தேன்.

(அடிக்குறிப்புபோல ஒன்று: அந்த அசிங்கத்தை எழுதியவன் அதையே தன் சொந்தப் பெயரில் வேறொரு குழுவிலும் எழுதிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. பெயர் அவனை ஒன்றும் திருத்தவில்லை. கட்டுரையில் இதைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.)

மறுநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊமத்தையிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

"சார், உங்க கட்டுரை படிச்சேன். நான் பேரு போட்டா இன்னா ஆவும்?"

ஒரு கையால் பதில் தட்டினேன்.

"ஒன்றும் ஆகாது. நாங்கள் எல்லோரும் உங்கள் பக்கம் நிற்போம்."

யார் அந்த எல்லோரும்? எழுதும்போது என் மனதில் ஒரு முகம்கூட இல்லை. ஒருமையில் எழுதினால் பொறுப்பு வந்துவிடும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது.

5

அவள் பெயர் போட்டாள்.

"நான் இசைப்பிரியா. முத்தாண்டிக்குப்பம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா பெரியண்ணன், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளும் காண்ட்ராக்ட் தொழிலாளி. இதுவரை ஊமத்தை என்ற பெயரில் எழுதியது நான்தான்." பூ இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு முகம்.

(ஊரையும் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இப்போது மட்டும் கவனமாக இருக்கிறேன்.)

முதல் பின்னூட்டம் நாலே நிமிஷத்தில் வந்தது.

"முத்தாண்டிக்குப்பத்துல எந்தத் தெரு?"

அவள் பதில் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னார்கள். கேட்டவர் "ஓ, புரியுது" என்று எழுதி ஒரு சிரிப்புப் படம் போட்டார். அதற்குப் பிறகு அவளோடு யாரும் வாதம் செய்யவில்லை. அவள் எழுதியது இன்ன காரணத்துக்காக என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சலுகையில் படித்தது, யார் தூண்டிவிட்டது, கலியாணம் ஆகாதது, கண்ணாடி, எல்லாவற்றையும் பேசினார்கள். பட்டா இல்லாதவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கெட்ட வார்த்தைகளை நான் நீக்கினேன். 'எந்தத் தெரு' என்பதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஆகவே தான் அதை விட்டுவைத்தேன்.

நான் அவள் பக்கம் நின்றேனா என்று கேட்பீர்கள். நின்றேன். ஆனால் செல்வநாதனாக இல்லை.

பெரியண்ணனின் காண்ட்ராக்டர் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து எனக்குக் கை கொடுக்கிறவர். குழுவிலும் இருக்கிறார். குழு நடத்துகிறவன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'சுரங்கத்தான்' என்று எனக்கு இன்னொரு கணக்கு உண்டு. அதிலிருந்து எழுதினேன்: "சபாஷ் சகோதரி! இப்படித்தான் வர வேண்டும்."

சுரங்கத்தானை நான் தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறது. என் கதைகளுக்கு யாரும் பின்னூட்டம் போடாத நாட்களில் அவன் போடுவான்.

6

பத்து நாளில் பள்ளியில் அவளைக் கூப்பிட்டு, பெற்றோர் சங்கடப்படுகிறார்கள், இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். காண்ட்ராக்டரின் மேஸ்திரி, பெரியண்ணனிடம் "உம் பொண்ணு நல்லா எழுதுதாமே" என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை கேட் பாஸ் புதுப்பித்தபோது பட்டியலில் பெரியண்ணன் இல்லை. இரண்டுக்கும் காரணம் கேட்டு எழுதினால் இரண்டுக்கும் வேறு காரணம் வரும். நிரூபிக்க முடியாது. இந்த மாதிரி விஷயங்களை நிரூபிக்க முடியாதபடி செய்ய நம் ஆட்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அப்பாவும் மகளும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். முன்னால் பார்த்ததில்லை. படத்தில் இருந்த கண்ணாடியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பெரியண்ணன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"பழைய பாஸு சார். எங்கிட்டயே தங்கிப்போச்சி. வச்சிகினு இருந்தா கேஸாயிடும்னு பயமுறுத்துறானுங்க. நீங்க பெர்மனென்ட்டு, வெவரம் தெரிஞ்சவரு. இத எங்க சார் குடுக்கணும்?"

சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எந்த அலுவலகம், எந்த கவுண்ட்டர் என்று சொன்னேன். துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தேன். கவனமாக மடித்து வைத்துக்கொண்டார்.

இசைப்பிரியா அதுவரை என் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுரங்கத்தான் யாரு சார்?"

"தெரியலையேம்மா. நாலாயிரம் பேர் இருக்காங்க."

"'ஆகவேதான்'னு வர்ற எடத்துல எல்லாம் 'ஆகவே', ஒரு எடம் விட்டு 'தான்'னு எழுதுறாரு. நீங்களும் அப்படித்தான். ரெண்டு புக்கு முழுக்க அப்படித்தான் இருக்குது."

"நீ என் புக்கைப் படிச்சிருக்கியா?"

இதைத்தான் கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான். கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது அந்தக் குரலில்.

"காலேஜுலயே படிச்சேங்க சார். அதனாலதான் நீங்க சொன்னத நம்புனேன்."

ரெஜினா காப்பித் தட்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ஒளிஞ்சிகினு எழுதுனது எங்கப்பா வேலைக்கோசரம்," என்றாள் இசைப்பிரியா. "நீங்க எதுக்கோசரம் சார்?"

[இங்கே நான் ஒரு நல்ல பதில் சொல்வதாக மூன்று முறை எழுதிப்பார்த்தேன். மூன்றிலும் செல்வநாதன் நல்லவனாகவே வந்தான். நடந்தது இதுதான்: மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன்.]

"எனக்காக நீங்க ஒண்ணும் எழுத வாணாம்," என்றாள். "அந்தக் கட்டுரைய மட்டும் எடுத்துடுங்க. அதப் படிச்சிட்டு இன்னொரு பொண்ணு எனக்கு மெசேஜ் போடுது, நானும் பேரு போடவான்னு."

"பார்க்கிறேம்மா."

"எப்பங்க சார்?"

"வுடும்மா," என்றார் பெரியண்ணன். "சாருக்கு ஆயிரம் ஜோலி."

காப்பியைக் குடித்தார். அவள் குடிக்கவில்லை. போன பிறகு ரெஜினா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"சுரங்கத்தான் நான்தான்னு சொல்லிட வேண்டியதுதானே."

"ரிட்டயர் ஆக மூணு வருஷம்தான் இருக்கு ரெஜினா."

"அவருக்கு எத்தனை வருஷம் இருந்துச்சின்னு கேட்டீங்களா?"

7

கட்டுரையை எடுக்கலாம் என்று நான்கு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அந்த இன்னொரு பெண் பெயரைப் போட்டுவிட்டாள். பொற்கொடி, சேத்தியாத்தோப்பு. அவளிடமும் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அவளே சொன்னாள். "அட, நம்ம பெரிய வூட்டுப் பொண்ணா! நல்லா எழுதும்மா" என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆயிரம் பாராட்டு.

"பார்த்தீர்களா," என்று குழுவில் எழுதினார்கள், "பெயர் போட்டால் ஒன்றும் ஆகாது. செல்வநாதன் சார் அன்றே சொன்னார்."

கட்டுரை மெய்யாகிவிட்டது. மெய்யான கட்டுரையை எப்படி எடுப்பது? அது அங்கேயே இருக்கிறது. இனி சொந்தப் பெயர் இல்லாதவர்களுக்குக் குழுவில் இடமில்லை என்று விதி கொண்டுவரச் சொன்னார்கள். வாக்கெடுப்பு வைத்தேன், வென்றது. சுரங்கத்தானை நானே அழித்தேன். "கோழை ஓடிவிட்டான்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் நானும் ஒருவன். போடாவிட்டால் சந்தேகம் வரும்.

இசைப்பிரியா கணக்கை மூடினாள். அவள் பதிவுகள், அந்த மூன்று நாள் சண்டை, எல்லாம் அவளோடு போயின. பெரியண்ணன் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். குழுவில் இப்போது ஆறாயிரம் பேர்.

8

முடிவுகள்.

ஒன்று: செல்வநாதன் குழுவில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். எழுதி வைத்திருக்கிறேன், வரைவில் இருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது என்பதுதான் சிக்கல். பாராட்டுவார்கள்.

இரண்டு: பெரியண்ணனுக்குப் பாஸ் திரும்பக் கிடைக்கிறது. இதைப் போட்டால் ஏதாவது பரிசு வரலாம். நடக்கவில்லை.

மூன்று: இசைப்பிரியா மறுபடி எழுதுகிறாள். வேறொரு பெயரில், வேறொரு இடத்தில். அவள் என்னைக் கண்டுபிடித்ததுபோல நானும் ஒரு சொல்லை வைத்து அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் அவள் எழுதியதை

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவள் எழுதுகிறாளா, இல்லையா, நான் சொன்னது நிஜமா என்பதையும் சொல்ல மாட்டேன். கதைக்கு இது நஷ்டம். ஆகட்டும்.

மிச்சம் உங்களிடம். செல்வநாதன் என்பது என் பெயர்தானா என்று டவுன்ஷிப்பில் விசாரித்தால் அரை நாளில் தெரிந்துவிடும். ஆறாயிரம் பேர் இருக்கும் குழுவை நடத்துகிறவனைப் பற்றி அதன்பின் நீங்கள் எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள். குழுவிலிருந்து யாரை நீக்குவது என்பது இன்னும் என் கையில்தான் இருக்கிறது, காண்ட்ராக்டரும் படித்துக்கொண்டுதான் இருப்பார். உங்கள் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.