பதினோரு நிமிட நேர்கோடு

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் 'அவசரம்'. எட்டாம் மாதமே பிறந்தவன். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் மட்டும், "அந்த வியாழக்கிழமையில ஓட்டிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

நான்கு வருடமாக அவன் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறான். பங்கு விலை கொஞ்சம் இறங்கினால் அதுவே வாங்கும், ஏறினால் அதுவே விற்கும். அதை நம்புவதற்கு ஒரே வழி, பழைய நாட்களின் விலைகளை நிமிடம் நிமிடமாக அதற்கு ஊட்டி, அன்றைக்கு என்ன செய்திருக்கும் என்று பார்ப்பதுதான். நல்ல நாள் எங்கேயும் கிடைக்கும். வேண்டியது கெட்ட நாள். சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாரும் ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கைப் பற்றி ஒரே கதையைச் சொல்வார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பங்கு அதலபாதாளத்துக்குப் போய்விட்டு, ஒருவர் டீ குடித்து வருவதற்குள் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டதாம். தம்பியின் புரோகிராம் அதிகம் புழங்குவதும் அந்தப் பங்கில்தான்.

"ஓட்டிட்டேன் அக்கா. ஒரு கீறல் இல்லை."

"கீறலே இல்லையா? எவன் குடுத்த டேட்டா அது?"

"காசு குடுத்து வாங்கினது. சும்மா சந்தேகப்படாதே."

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. பதினைந்து வருடமாக மற்றவர்களின் டேட்டாவைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். அவன் வேலையை விட்டுவிட்டால் திரும்பப் போக முடியாது. அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை வேறு. பங்குச் சந்தை அலுவலகத்தில் அந்த நாளின் பதிவைக் கேட்டேன். அவ்வளவு பழைய பதிவுகளை வைத்திருப்பதில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரியென்று இன்னும் மூன்று விற்பனையாளர்களிடம் அதே நாளை வாங்கி, நான்கு கோப்புகளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன்.

நான்கிலும் பதினொன்று நாற்பத்திரண்டிலிருந்து பதினோரு நிமிடத்துக்கு ஒரே விலை. 412.35. மறுபடி 412.35. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல விலை நகர ஆரம்பித்தது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். அதைப் போட்டவளே நான்தான்.

முதல் வேலையில், டேட்டா விற்கும் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர்கள் தினமும் போன் செய்து திட்டுவார்கள், இந்த விலை தப்பு, அந்த விலை தப்பு என்று. நான் ஒரு விதி எழுதினேன். கடைசியாக ஏற்றுக்கொண்ட விலையிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகி ஒரு விலை வந்தால் அது பிழை, தூக்கிப் போடு. காலியான நிமிடத்தில் பழைய விலையையே போட்டு நிரப்பு. போன் நின்றது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கை தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விலை உண்மையிலேயே ஒரே தாவாகக் கீழே குதித்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. குதித்த விலை பிழை. அதற்கு அடுத்ததும் பிழை. மேலே திரும்பி வரும்வரை வருகிற எல்லாமே பிழை. எங்களிடம் வாங்கியவர்கள் அதையே அடுத்தவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். ஒன்பது வருடமாக எந்தக் கோப்பில் பார்த்தாலும் அந்த வியாழக்கிழமை அமைதியான நாள்; விழுந்ததென்பது வெறும் வாய்க்கதை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த வாரம் ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒருவர் கையில் ஒரு பெட்டியோடு வந்து, உங்கள் டேட்டா பொய் என்று கத்துகிறார், இறங்கி வர முடியுமா என்று. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "டேட்டா சரியாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பிடுங்க" என்றேன்.

அந்த ரிசப்ஷனிஸ்டை வலை வீசித் தேடிப் பிடித்தேன். இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். "அவரா? போர்டுக்காரர்! எங்க ஆஸ்பத்திரி டோக்கன் போர்டே அவர் போட்டதுதான். நம்பர் தரேன், ஆனா கோபக்காரர், பாத்துப் பேசுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை நானும் தம்பியும் போனோம். ராஜினாமாக் கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது. எந்த நிமிடமும் நீட்டிவிடத் தயாராகவே திரிகிறான். வீட்டின் கீழ்த்தளம்தான் பட்டறை. பேருந்து நம்பர் காட்டும் போர்டுகள், டோக்கன் போர்டுகள், ஒயர் சுருள்கள், ஒரு மூலையில் துணி காயும் ஸ்டாண்ட். போர்டுக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அந்த நாளின் தேதியைச் சொன்னதுமே சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த நாளை எதுக்குக் கேக்கறீங்க?"

தம்பி விஷயத்தைச் சொன்னான். அவர் பீரோவின் மேலிருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை இறக்கினார்.

"பங்குத் தரகர் ஆபீஸ்கள்ல சுவத்துல ஓடுற விலை போர்டு எல்லாம் அப்ப நான்தான் போடுவேன். சந்தையிலேர்ந்து வர்ற சிக்னலை நேரா வாங்கிக் காட்டும். எவனாவது போர்டு தப்புன்னு சொன்னா காட்டறதுக்கு, வந்தது அத்தனையும் இந்தப் பெட்டி எழுதி வெச்சுக்கும். அன்னைக்கு என் போர்டைப் பாத்துட்டு அந்த ஆபீஸ்ல ஒரே ரகளை. ஆர்டர் போடற லைன் வேற படுத்துடுச்சு, அங்க ஒருத்தராலயும் வாங்கவோ விக்கவோ முடியல. சாயந்திரம் மேனேஜர் வெளியில டேட்டா வாங்கிப் பாத்தா, விலை நகரவே இல்லையாம். போர்டைக் கழட்டி வாசல்ல வெச்சுட்டாங்க. ஊர்ல ஒருத்தரும் அப்புறம் கூப்பிடல."

மாடிப்படியில் அவர் மனைவி கீரையோடு உட்கார்ந்திருந்தார். "இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டாச்சு" என்றார், தலையைத் தூக்காமல்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பெட்டி மறுபடி பீரோ மேலே போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பெட்டியை ஒரு பழைய சிவப்பு எழுத்துப் போர்டில் செருகினார். இன்னொரு ஒயரைத் தம்பியின் லேப்டாப்புக்குக் கொடுத்தார். "அன்னைக்கு வந்த வேகத்துலயே ஓட்டறேன். கண்ணை எடுக்காதீங்க."

412.35. ஒரு நொடி நின்றது. அடுத்த எண் 371.

எண்கள் கொட்ட ஆரம்பித்தன. 366, 359, 362, 340. கண்ணால் தொடர முடியவில்லை. என் கோட்டில் பதினோரு புள்ளிகள். இங்கே ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர் போதும் என்று கையை உதறியிருக்கிறார், இன்னொருவர் அதைக் கை நீட்டி வாங்கியிருக்கிறார். பன்னிரண்டாயிரம் பேரின் பயமும் துணிச்சலும், நொடி பிசகாமல், துணி காயும் ஒரு பட்டறையில் எங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் நான் சந்தையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

புரோகிராம் வாங்கியது. இறங்க இறங்க, தரகர் தரும் கடனிலும் வாங்கியது. நான்காவது நிமிடத்தில் நஷ்டம் எல்லை மீறி 288-க்கு எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று காட்டி நின்றுவிட்டது. தம்பி லேப்டாப்பைப் பார்க்கக்கூட இல்லை. வாய் பிளந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது நிமிடத்தில் 251.10. அதுதான் அடிமட்டம். அந்த விலையில் யாரோ ஒரே ஒரு பங்கு வாங்கியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு!" என்றான் தம்பி. "அக்கா, எல்லாரும் ஓடறப்ப எவனோ ஒருத்தன் ஒரே ஒரு பங்கு வாங்கியிருக்கான்."

அந்த ஒற்றை வரிக்குப் பிறகு 252. அப்புறம் 260. சிவப்பு எண்கள் படிப்படியாக மேலே ஏறின. எப்போது வந்தாரோ, போர்டுக்காரரின் மனைவி ஈரக் கையோடு எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பதினோராவது நிமிடத்தில் 411.90 வந்ததும் போர்டு இருண்டது.

"நெஜமாவே விழுந்திருக்கே" என்றார் மனைவி மெதுவாக.

போர்டுக்காரர் அவர் பக்கம் திரும்பாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டிய ஒயரையே திரும்பத் திரும்பச் சுருட்டினார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"அந்த நேர்கோட்டைப் போட்டது நான்தான்," என்றேன். "பிழைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டேன். நீங்க பெட்டியோட வந்தப்ப டேட்டா சரின்னு சொல்லி அனுப்பினதும் நான்தான். என் கோட்டை நம்பி என் சொந்தத் தம்பியே திங்கக்கிழமை வேலையை விட இருந்தான். தப்பு என்னோடது. உங்க தரகர் ஆபீஸ், சந்தை ஆபீஸ், எல்லாருக்கும் என் பேர்லயே எழுதிக் குடுக்கறேன்."

அவர் முகம் சிவந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றும் இருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாடியிலேர்ந்து இறங்கி வந்திருந்தீங்கன்னா, ரெண்டு நிமிஷம்," என்றார். "ரெண்டே நிமிஷம்மா."

அழுதுவிட்டேன். அவர் மனைவிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பி பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்தான். அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் 412.35, 371 என்று எழுதி, அடியில் கோடு போட்டான். "அண்ணே, இன்னொரு தடவை ஓட்டறீங்களா? நாலு வருஷ வேலையை முதல்லேர்ந்து யோசிக்கணும்."

போர்டுக்காரர் எழுந்து பெட்டியை மறுபடி செருகினார். அதன் தலையில் ஒரு முறை தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெட்டியில இருக்கறதை அப்படியே காப்பி எடுத்துக்கோங்க. ஒரே ஒரு கண்டிஷன். தயவுசெஞ்சு சுத்தம் மட்டும் பண்ணிடாதீங்க."